வீசிங் சத்தம் நின்னுட்டா

போன மாசம் நைட் டியூட்டி, மணி ரெண்டு இருக்கும். ரைஸ் மில்லுல மூட்டை தூக்குற ஒருத்தர அவங்க வீட்டம்மா ஆட்டோல கூட்டிட்டு வந்தாங்க. படுங்கன்னா படுக்க மாட்டேங்கிறாரு, ரெண்டு கையையும் முட்டி மேல ஊணிக்கிட்டு முன்னாடி குனிஞ்சே உக்காந்திருக்காரு, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ள இழுக்குது, பேரு கேட்டா பாதி பேரு சொல்லிட்டு மூச்சு வாங்குறாரு. அந்தம்மா சொன்னாங்க, "வீட்டுல பயங்கரமா வீசிங் சத்தம் கேட்டுச்சு சிஸ்டர், வர்ற வழியில கொறஞ்சிருச்சு, இப்ப கொஞ்சம் பரவால்ல."

ஸ்டெத் வெச்சுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒண்ணுமே கேக்கல.

இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதுறேன். வீசிங்னா சுருங்கிப்போன மூச்சுக்குழல் வழியா காத்து நுழையறப்ப வர்ற சத்தம். சத்தம் வரணும்னா காத்து போகணும்ல? ஆளு இன்னும் திணறிக்கிட்டே இருக்காரு ஆனா சத்தம் மட்டும் இல்லன்னா காத்தே போகலன்னு அர்த்தம். சைலன்ட் செஸ்ட்னு சொல்லுவோம், ஆஸ்துமாவுல நாங்க ரொம்பப் பயப்படுறது இதுக்குத்தான்.

சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, 86 சதவீதம். ஆக்சிஜன்லயே நெபுலைசர் ஓட்டினோம், சால்பியூட்டமால் 5 மில்லிகிராம், கூடவே இப்ராட்ரோப்பியம் 500 மைக்ரோகிராம். சால்பியூட்டமால் நல்ல மருந்து, அஞ்சு நிமிஷத்துல வேலையக் காட்டும், மூச்சுக்குழலச் சுத்தி இருக்கற தசைய தளர்த்தி விடும், முதல் ஒரு மணி நேரத்துல இருபது நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு மூணு தடவ குடுப்போம். ஆனா இவருக்கு காத்தே உள்ள போகலயே, புகை எப்படிப் போகும்? அதனால கையோட வென்ஃப்ளான், அதாவது ரத்தக்குழாய்ல மருந்து ஏத்துற ஊசிக்குழாய் போட்டு, ஹைட்ரோகார்ட்டிசோன்ங்கற ஸ்டீராய்டு ஏத்தினேன். ஸ்டீராய்டு வேலை செய்ய நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனாலதான் அத முதல்லயே போட்டுடணும், மத்ததெல்லாம் குடுத்துப் பாத்துட்டு கடைசியில போட்டுக்கலாம்னு விட்டா அந்த நாலு மணி நேரம் தள்ளிப்போயிரும். இத நான் புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட திரும்பத் திரும்பச் சொல்றேன்.

அதுக்கப்புறம் மெக்னீசியம் சல்பேட், 2 கிராம் சலைன்ல கலந்து இருபது நிமிஷத்துக்கு ஓடணும், வேகமா விட்டா பிரஷர் எறங்கிரும். அதுவும் தசைய தளர்த்துற மருந்துதான், ஆனா ரத்தம் வழியா போறதால அடைச்ச குழாயப் பத்திக் கவலை இல்ல. அது ஓடிக்கிட்டு இருக்கறப்பவே அவரு மாஸ்க்கப் பிச்சுப் போட ஆரம்பிச்சாரு, எழுந்து ஓடப் பாக்குறாரு, கூட வந்த தம்பி "ஒரு தூக்க ஊசி போட்டு விடுங்க சிஸ்டர்"ன்னாரு. போடக்கூடாது. மூளைக்கு ஆக்சிஜன் பத்தாம வர்ற தவிப்பு அது, தூக்க ஊசி போட்டா மிச்சம் இருக்கற மூச்சும் நின்னுரும். மாஸ்க்க என் கையால புடிச்சுக்கிட்டே நின்னேன், சட்டையெல்லாம் வேர்வையில தொப்பலா நனைஞ்சு அவரு உடம்பு சில்லுன்னு இருந்துச்சு.

ரத்தத்துல இருக்கற வாயு அளவப் பாக்குற ஏபிஜி டெஸ்ட் வந்துச்சு, கார்பன் டை ஆக்சைடு 42. நார்மல்தானே மேடம்னு டியூட்டி டாக்டர்கிட்ட ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டாரு. நிமிஷத்துக்கு நாப்பது தடவ மூச்சு வாங்குற ஆளுக்கு அது நல்லா கீழ எறங்கியிருக்கணும், நார்மல்ல நிக்குதுன்னா ஆளு களைச்சுப் போயிட்டாருன்னு மேடம் சொன்னாங்க. அனஸ்தீசியா டாக்டரக் கூப்பிட்டாங்க.

மூச்சுக்குழலுக்குள்ள ட்யூப் போட்டு நாம மூச்சு குடுக்கற நிலைமை வந்தா வேணும்னு, அதுக்கான மருந்த நான் எடுத்து வெச்சேன். அறுபது கிலோ ஆளு, கெட்டமின் 90 மில்லிகிராம், சக்ஸ் 90. கெட்டமின் மயக்கமும் குடுக்கும், மூச்சுக்குழலயும் விரிச்சு விடும், அதனால ஆஸ்துமாக்காரங்களுக்கு அதத்தான் எடுப்போம். சக்ஸ்னு சொல்ற சக்சினைல்கோலின ஃப்ரிட்ஜ்லதான் வெச்சிருக்கணும், டியூட்டிக்கு வந்த உடனே நான் முதல்ல பாக்குறது அதுதான். அதப் போட்டா ஒரு நிமிஷத்துக்குள்ள மூச்சு விடுற தசை உட்பட நாம அசைக்கிற தசையெல்லாம் செயலிழந்துரும், அப்புறம் அஞ்சு பத்து நிமிஷத்துக்கு அவரால மூச்சே விட முடியாது, அந்த நேரம் அவரு மூச்சு முழுக்க நம்ம கையிலதான். அதனால ரெண்டு சிரிஞ்சுலயும் பிளாஸ்டர் ஒட்டி பேரு, அளவு எழுதாம ட்ரேல வெக்க மாட்டேன். ஆஸ்துமா நுரையீரலுக்கு ட்யூப் போட்டா அதோட கஷ்டம் தீர்றதும் இல்ல, உள்ள தள்ளுற காத்து வெளிய வராம அடைஞ்சு நின்னு பிரஷர் விழுந்துரும், அதனால முடிஞ்ச வரைக்கும் மருந்துலயே மீட்டுரணும்னுதான் பாப்போம்.

மெக்னீசியம் முடியுது, மூணாவது நெபு ஓடிக்கிட்டு இருக்கு. அப்பத்தான் கேட்டுச்சு, விசில் மாதிரி, ஸ்டெத்தே இல்லாம. மேடம் என்னப் பாத்தாங்க. வெளிய நின்ன அந்தம்மா "ஐயோ மறுபடியும் சத்தம் வந்துருச்சே"ன்னு அழுதுக்கிட்டு ஓடி வந்தாங்க, அவங்க கையப் புடிச்சுக்கிட்டு இது நல்ல சத்தம்மா, காத்து உள்ள போகுதும்மான்னு சொன்னேன், எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. அரை மணி நேரத்துல சாச்சுரேஷன் 94, ஒரே மூச்சுல தண்ணி வேணும்னு கேட்டாரு. அந்த ரெண்டு சிரிஞ்சையும் தொடவே இல்ல.

அவரு சட்டப் பையில ஒரு சால்பியூட்டமால் இன்ஹேலர் இருந்துச்சு, ஆட்டிப் பாத்தா காலி. தினமும் அடிக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர பழகிரும்னு யாரோ சொன்னாங்கன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே நிறுத்தியிருக்காரு. எனக்கு ரொம்ப ஆத்தாமையா இருக்கறது இதுதான். சால்பியூட்டமால் அந்த நேரத்துக்கு குழாயத் திறக்கும் அவ்வளவுதான், உள்ள இருக்கற வீக்கத்த அது தொடாது, வீக்கத்துக்கு ஸ்டீராய்டுதான். சால்பியூட்டமால மட்டும் வெச்சு ஆஸ்துமாவ ஓட்டக்கூடாதுன்னு 2019லயே ஜினாங்கற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல்ல மாத்தி எழுதிட்டாங்க. இன்ஹேலர்ல போறது மைக்ரோகிராம் கணக்குல, நேரா நுரையீரலுக்கு. அடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பிட்டா போதும்.

மறுநாள் நைட் வார்டுக்குப் போய்ப் பாத்தேன். மல்லாந்து படுத்து தூங்கிட்டு இருந்தாரு. அந்தம்மா மட்டும் கட்டில் பக்கத்துல முழிச்சு உக்காந்திருந்தாங்க. "சத்தமே இல்லாம தூங்குறாரு சிஸ்டர், இது நல்ல சத்தமில்லாததா, அந்த மாதிரியா?"ன்னு கேட்டாங்க. ஸ்டெத்த அவங்க காதுல மாட்டி அவரு நெஞ்சுல வெச்சேன். ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல.