வற்றாளை மாஸ்டர்

எங்கள் பள்ளிக்கூட மாஸ்டர் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் ஸ்காபரோவில் ஒரு பூக்கன்றுக் கடையில் நின்றேன். விக்டோரியா தின லோங் வீக்கெண்ட். அதற்கு முன் நட்டால் உறைபனி கருக்கிவிடும் என்று ரொறன்ரோவே காத்திருந்து கன்று வாங்கும் நாள். அங்கே வற்றாளைக்கொடியும் (சர்க்கரைவள்ளி) விற்றார்கள், கிழங்குக்கு இல்லை, அழகுக்கு! ஒன்று எலுமிச்சைப் பச்சை, மற்றது கறுப்பூதா. தொட்டி விளிம்பால் வழியவிடுவதற்காம்.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்குப் பூந்தொட்டி சுமந்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. பிந்தி வந்தவர்களுக்குப் பிரம்பு அல்லது தொட்டி. நாங்கள் தொட்டி.

மாஸ்டர் அடியில் கல் போட விடமாட்டார். “கல்லு போட்டா மண் குறையும், ஈரம் வேரடியில நிக்கும்” என்பார். ஓட்டைக்கு மேல் உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்று, பிறகு செம்மண்ணும் மக்கின மாட்டெருவும். கன்றுகளைப் பார்க்கும்போது அவர் முதலில் கேட்பது பூவின் நிறத்தை அல்ல. “எது எவ்வளவு தண்ணி குடிக்கும்? ஒரு சாடிக்குள்ள இருக்கிறது எல்லாம் ஒரே மாதிரிக் குடிக்கவேணும்.” யாரோ வீட்டிலிருந்து வந்த அந்தூரியத்தை வெயில் படியிலிருந்து தூக்கி விறாந்தை நிழலில் வைத்தார். படிக்குக் குரோட்டன், வெயில் பட்டால்தான் அதற்கு நிறம் ஏறும். நடுவில் அது, சுற்றிவரக் காசித்தும்பை, விளிம்பால் தொங்க வேலியோரத்து வற்றாளை.

விழாவுக்கு வந்த பெரியவர் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: “கிழங்குக் கொடியோ? பள்ளிக்கூடத்துக்குப் பூ வாங்கக் காசில்லையோ?” மண்டபமே சிரித்தது. நாங்களும்தான். பட்டமும் அன்றே ஒட்டிக்கொண்டது. மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து கொடியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டார்.

கனடா வந்தபிறகு அவருக்குக் கடிதம் போட்டேன். இங்கே பூச்சாடிக்கு ஆயுள் மே முதல் ஒக்டோபர் வரைதான், ஈரம் ஊறிய மண்சாடியை வெளியில் விட்டால் குளிரில் வெடித்துவிடும் என்றெல்லாம் எழுதினேன். “மிச்ச மாசத்தில என்ன செய்யிறனி?” என்று பதில் வந்தது. அதற்கு நான் எழுதியது 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு நேரம். கிடைத்ததோ தெரியாது. ‘ஓவர்டைம்’ என்றுதான் எழுதியிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் வேறு நல்ல பதில் வரவில்லை.

நினைவு மலருக்கு மாஸ்டரின் படம் கேட்கிறார்கள். என்னிடமுள்ள விழாப் படங்களில் அதிபர் இருக்கிறார், விருந்தினர் இருக்கிறார்கள், அந்தத் தொட்டிகளும் இருக்கின்றன. யாரிடமாவது மாஸ்டர் நிற்கும் படம் இருந்தால் மலர்க் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள்.