மருந்து பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

என் மகளுக்கு இரண்டு வயது. காய்ச்சலுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப்பை எவ்வளவு குலுக்கினாலும் அடியில் கெட்டியாக ஒரு படிவு அப்படியே நின்றது. கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த வேளைக்கு ஊற்றும்போது அளவுமூடியில் வெள்ளைக் கட்டி ஒன்று வந்து விழுந்தது.

டாக்டர் பார்த்ததுமே நிறுத்தச் சொல்லிவிட்டார். இந்த வகை சிரப் குலுக்கினால் ஒரே சீராகக் கலந்துவிட வேண்டும். கலக்காவிட்டால் மேலே ஊற்றுவதில் மருந்து குறைவாகவும், அடியில் தங்குவதில் அதிகமாகவும் இருக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்த பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. நடந்ததையெல்லாம் பேட்ச் நம்பரோடு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் டாக்டர். பின்னால் பெரிதும் உதவியது அந்தச் சீட்டுதான்.

மருந்துக்கடைக்காரர், "கொடுங்கம்மா, வேற பாட்டில் தர்றேன், காசு வேண்டாம்" என்றார். நான் கொடுக்கவில்லை. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி மனதில் இருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் அது. 0.1 சதவீதத்தைத் தாண்டவே கூடாத டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சுப் பொருள் அதில் 48.6 சதவீதம் இருந்ததை நம் மாநில ஆய்வகம்தான் கண்டறிந்தது. பாட்டிலைக் கொடுத்துவிட்டால் எதை வைத்துக் கேட்பது? அதே பேட்சில் சீல் உடைக்காத இன்னொரு பாட்டிலை, பேட்ச் நம்பர் போட்ட பில்லோடு வாங்கிக்கொண்டேன்.

மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முதலில் கேட்டதே, "பாட்டில் திறந்ததா, திறக்காததா?" என்றுதான். திறந்த பாட்டில் என்றால், வீட்டில் ஏதோ கலந்துவிட்டது என்று கம்பெனி எளிதாகச் சொல்லிவிடும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டம் 26ஆம் பிரிவின்படி, தான் வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கையும் நமக்குக் கிடைக்கும். இப்படி ஓர் உரிமை இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? நான் சீல் பாட்டிலைக் கொடுத்தேன். மருந்து ஆய்வாளரும் கடைக்குப் போய்த் தனியாக மாதிரி எடுத்தார்.

அறிக்கை வரும்வரை காத்திருந்ததுதான் கொடுமை. அதே பேட்ச் வேறு எந்த வீட்டில் இருக்கிறதோ என்ற நினைப்பே தூங்க விடவில்லை. கடைசியில் 'தரமற்றது' என்று வந்தது.

அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவர் மீதும் விற்றவர் மீதும் இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நான் வைத்துக்கொண்டேன், கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு அலைய முடியவில்லை.

மருந்தின் விலையையும் டாக்டர் செலவையும் தருகிறோம், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்று கம்பெனி தரப்பில் கேட்டார்கள். மறுத்துவிட்டோம். அந்த பேட்ச் எந்தெந்தக் கடைகளுக்குப் போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கை அவர்கள் ஆணையத்தின் முன் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.