சி டிரைவ் நிறைஞ்சுபோச்சு, அப்பா ஒரு பார்டிஷனைக் காலி பண்ணினார்

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. கணக்கு வேலை பார்க்கலாமென்று கம்ப்யூட்டரைத் திறந்த அப்பா, சி டிரைவ் கோடு சிவப்பாக நிற்பதைப் பார்க்கிறார். டிஸ்க்கை எப்படிப் பங்கு போட்டிருக்கிறது என்று காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போனால் வரிசையின் கடைசியில் 60 ஜிபிக்கு ஒரு கட்டம், அதாவது ஒரு பார்டிஷன். அதற்கு டிரைவ் எழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. சொந்தக்காரன் இல்லாத மனை மாதிரி கிடக்கிறது. ரைட் கிளிக், டெலீட் வால்யூம். "இதை விண்டோஸ் உருவாக்கவில்லை, வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் டேட்டா இதில் இருக்கலாம், அழிக்கவா?" என்று அது மரியாதையாகக் கேட்கத்தான் செய்கிறது. இத்தனை வருஷம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் 'யெஸ்' அழுத்திப் பழகிய விரல் இதற்கு மட்டும் நிற்குமா?

அந்த மனைக்குச் சொந்தக்காரி காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கும் பெண். கட்டத்துக்குள் இருந்தது அவளுடைய உபுண்டு என்ற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதற்குள் செமஸ்டர் புராஜெக்ட். லினக்ஸ் தன் ஃபைல்களை அடுக்கிவைக்கும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் எழுத்தும் பெயரும் இல்லாமல் காட்டியது.

இதில் வேடிக்கை, அழித்தும் அப்பாவுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. சி டிரைவை நீட்டிக்க, காலியிடம் அதற்கு வலப்புறம் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். இங்கே நடுவில் ரெக்கவரி பார்டிஷனும் டி டிரைவும் குறுக்கே உட்கார்ந்திருக்கின்றன. 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிப்போய் அழுத்தவே முடியவில்லை. சலித்துப்போய் ஷட் டவுன் செய்து படுத்துவிட்டார். அந்தச் சலிப்புதான் புராஜெக்ட்டைக் காப்பாற்றியது. காலியிடத்தில் 'நியூ சிம்பிள் வால்யூம்' உருவாக்கி ஃபார்மட் கொடுத்திருந்தால், எஸ்எஸ்டியில் காலியிடத்தை நிஜமாகவே துடைக்கும் டிரிம் ஓடி எல்லாம் சுத்தமாகப் போயிருக்கும்.

ஞாயிறு காலை பவர் பட்டனை அழுத்தினால் கருப்புத் திரை. மேலே குனு கிரப் என்று பெயரும் பதிப்பு எண்ணும், அதன்கீழ் இரண்டு வரி ஆங்கிலம், கடைசியில் 'கிரப்>' என்று ஒரு துடிப்பு. தாத்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மினிமல் பேஷ் லைக்... பேஷ்னுதானே போட்டிருக்கான், அப்புறம் என்ன?"

அது அந்த பேஷ் இல்லை, கட்டளை அடித்து வேலை வாங்கும் லினக்ஸின் 'ஷெல்'. "இங்கே பேஷில் மாதிரிக் கொஞ்சம் அடித்துத் திருத்தலாம்" என்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். அம்மா, "வைரஸ்தான், அன்னிக்கே சொன்னேன்" என்றார். என்றைக்கு என்று யாரும் கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரர் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போடச் சொன்னார். போனில் கிடைத்த மெக்கானிக் ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஃபார்மட் போட்டுடலாம் சார்."

கிரப் என்பது பவர் போட்டதும் உபுண்டுவா விண்டோஸா என்று கேட்டு ஏற்றிவிடும் பூட் லோடர். பூட் லோடர் கோளாறுக்கு ஃபார்மட் என்பது, சாவி தொலைந்ததற்கு வீட்டை இடிப்பது. விண்டோஸ், அப்பாவின் கணக்கு ஃபைல், கல்யாண போட்டோ எல்லாம் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. வழி சொல்கிறவன்தான் முழிக்கிறான்.

ஏன் முழிக்கிறான்? பழைய பயாஸுக்குப் பதில் வந்த யூஇஎஃப்ஐ முறையில் கிளம்பும் கம்ப்யூட்டரில் கிரப் இரண்டு இடத்தில் வாழ்கிறது. தலை மட்டும் இஎஃப்ஐ பார்டிஷனில். இது பெரும்பாலும் 100 எம்பி அளவில் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் ஃபேட்32 துண்டு. விண்டோஸின் பூட் மேனேஜரும் இதே துண்டில்தான் தனி ஃபோல்டரில் குடியிருக்கிறது. கிரப்பின் உடம்பு, அதாவது மெனுவும் அமைப்புகளும், உபுண்டு பார்டிஷனில் '/பூட்/கிரப்' ஃபோல்டரில். தலைக்குள் இருக்கும் குட்டி ஃபைல், "இந்த யூயூஐடி, அதாவது அடையாள எண், உள்ள ஃபைல் சிஸ்டத்தைத் தேடு, அங்கே மெனு இருக்கும்" என்கிறது. தேடினால் ஆள் இல்லை. பழைய பயாஸ் முறைக் கம்ப்யூட்டரில் இதே நடந்தால் 'கிரப் ரெஸ்க்யூ>' என்று இன்னும் பஞ்சமான திரை வரும். கட்டளைகளைத் தரும் மாட்யூல்களும் அழிந்த பார்டிஷனிலேயே இருந்திருக்கும் என்பதால், பாதிக் கட்டளை அதற்குத் தெரியாது. உபுண்டுவின் யூஇஎஃப்ஐ கிரப்பில் முக்கியமான மாட்யூல்கள் உள்ளேயே கட்டியிருப்பதால் வெறும் 'கிரப்>'. எந்தத் திரை என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள், அது தனி.

முதல் வேலை அப்பாவைச் சமாதானப்படுத்துவது. எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்கும் கம்ப்யூட்டரின் பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' தனியாக இருக்கும். டெல், லெனோவா என்றால் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப் அடித்து எஃப்9. எம்எஸ்ஐ மதர்போர்டு எஃப்11. ஏசஸ் மதர்போர்டு எஃப்8. பவர் பட்டனை அழுத்திய நொடியிலிருந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லோகோ வந்தபிறகு ஆற அமர ஒரு தட்டுத் தட்டினால் வண்டி போய்விட்டிருக்கும். அப்பா பவர் பட்டன், பெண் எஃப்12. "இப்பவா?" "அழுத்துங்கப்பா!" "அழுத்தவா?" "அழுத்திட்டுக் கேளுங்க!" நாலாவது தடவையில் கிடைத்தது.

அந்த மெனு சிக்காதவர்களுக்கு 'கிரப்>' திரையிலேயே வழி உண்டு. 'எல்எஸ்' அடித்தால் (எச்டி0) (எச்டி0,ஜிபிடி5) என்று வரிசை வரும். டிஸ்க்கைப் பூஜ்யத்திலிருந்தும் பார்டிஷனை ஒன்றிலிருந்தும் எண்ணுவார்கள். ஒரே அடைப்புக்குறிக்குள் இரண்டு கணக்கு வைத்தவர் யாரோ, அவருக்கு எந்த வீட்டிலும் நல்ல பெயர் இல்லை. 'எல்எஸ் (எச்டி0,ஜிபிடி1)/' என்று கடைசிச் சாய்கோட்டோடு அடித்து 'இஎஃப்ஐ' ஃபோல்டர் தெரிந்தால் அதுதான் இடம். பிறகு 'செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி1)', அடுத்து 'செயின்லோடர் /இஎஃப்ஐ/மைக்ரோசாஃப்ட்/பூட்/பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ.இஎஃப்ஐ', கடைசியாக 'பூட்'. அந்த ஃபைல் பெயரை முழுசாக அடிக்க வேண்டாம், பாதியில் டேப் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்ட கம்ப்யூட்டரில் மட்டும் இந்தக் குறுக்கு வழி வேண்டாம். வழக்கமில்லாத வாசல் வழியாக வந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும், அக்கவுண்டின் பாஸ்வேர்டு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

விண்டோஸ் வந்தது. அப்பாவுக்கு உயிர் வந்தது. "அவ்வளவுதானே, சரியாயிடுச்சு" என்று எழுந்தார். பெண் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

டிஸ்க்கில் இனி எதையும் புதிதாக உருவாக்கக் கூடாது. பார்டிஷனை அழித்தால் அழிவது, எது எங்கே என்று குறித்திருக்கும் அட்டவணையில் உள்ள ஒரு வரிதான். வீட்டு நம்பர் பலகையைப் பிடுங்கியாயிற்று, வீடு அங்கேயே நிற்கிறது. அதைத் திரும்ப மாட்ட ஒரு லைவ் யூஎஸ்பி, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவ் வேண்டும். உபுண்டுவின் ஐஎஸ்ஓ ஃபைல் 5 ஜிபிக்கு மேல் இருப்பதால் 8 ஜிபி பென்டிரைவுக்குக் குறைந்து முடியாது. சி நிரம்பியிருப்பதால் டவுன்லோடை டி டிரைவுக்குத் திருப்ப வேண்டும். அதைப் பென்டிரைவில் ஏற்றும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் ஜிபிடி, யூஇஎஃப்ஐ என்று தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். வீட்டு நெட் வேகத்தில் இதற்கே மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. பென்டிரைவில் அம்மாவின் பட்டுப்புடவை போட்டோக்கள் இருந்ததும், ரூஃபஸ் எல்லாவற்றையும் துடைக்கும் என்பதும் ஸ்டார்ட் அழுத்துவதற்கு ஒரு நொடி முன்னால் தெரியவந்தது. அன்றைக்கு இரண்டாவது பார்டிஷன் கண்டம் மயிரிழையில் தப்பியது.

லைவ் யூஎஸ்பியில் ஏறியதும் 'டிரை உபுண்டு'. இன்ஸ்டால் பக்கம் கையே போகக் கூடாது. தொலைந்த பார்டிஷனைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க்கை இறக்க, டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டெஸ்ட்டிஸ்க்', பிறகு 'சூடோ டெஸ்ட்டிஸ்க்'. பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றால் 'யுனிவர்ஸ்' என்ற மென்பொருள் கிடங்கை இயக்கிவிட்டு மறுபடி. குறிப்பு ஃபைல் (லாக்) எழுதவா என்று கேட்டால் 'கிரியேட்'. டிஸ்க்கைப் பெயர் பார்த்து, அளவும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்டிரைவும் அதே பட்டியலில் நிற்கும். 'இஎஃப்ஐ ஜிபிடி' என்று அதுவே கண்டுபிடித்துச் சொல்லும். 'அனலைஸ்', அடுத்து 'க்விக் சர்ச்'.

கொஞ்ச நேரத்தில் பட்டியல் வந்தது. கடைசி வரியில் லினக்ஸ் பார்டிஷன். அதன்மேல் நின்று 'பி' எழுத்தை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். 'ஹோம்' ஃபோல்டருக்குள் போய்த் தன் பெயரைப் பார்த்தபிறகுதான் பெண் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். அப்பா அதற்காகவே காத்திருந்த மாதிரி, "நான்தான் ஃபார்மட் பண்ணலையே" என்றார்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு எழுத்து நிற்கும். 'பி' என்றால் வைத்துக்கொள்வது, 'டி' என்றால் அழிந்ததாகவே விடுவது. டெஸ்ட்டிஸ்க் ஒரு வரியை மட்டும் சேர்ப்பதில்லை, அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதுகிறது. உபுண்டுவைப் 'பி' ஆக்கும் குஷியில் இஎஃப்ஐ பார்டிஷனோ சி டிரைவோ 'டி' என்று நிற்பதைக் கவனிக்காமல் 'ரைட்' கொடுத்தால், அப்பா செய்ததைவிடப் பெரிய காரியத்தை மகள் செய்தவளாவாள். இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்ட், சி, ரெக்கவரி, டி, உபுண்டு என்று ஆறையும் விரல்விட்டு எண்ணிவிட்டு, முன்பு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்த அளவுகளோடு ஒப்பிட்டுவிட்டு, 'ரைட்', 'ஒய்', ரீஸ்டார்ட்.

கிரப் மெனு ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்து நின்றது. மறுபடி கிரப் இன்ஸ்டால் செய்யத் தேவையே இல்லை. தேடப்படும் யூயூஐடி அட்டவணையில் இல்லை, ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பகுதியான சூப்பர்பிளாக்குக்குள் இருக்கிறது. பார்டிஷன் அதே செக்டாரில் திரும்பி வந்தால் போதும், நம்பர் மாறினாலும் கிரப் கண்டுபிடித்துக்கொள்ளும். இதைத் தெரியாமல் பூட்-ரிப்பேர், சிஹெச்ரூட் என்று ஊரைச் சுற்றுகிறவர்கள் நிறைய. அவை வேறு நோய்க்கான மருந்து: இஎஃப்ஐ பார்டிஷனில் இருக்கும் கிரப்பின் தலையே கெட்டுப்போனால் அப்போது எடுக்கலாம். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மெனு வராமல் நேராக விண்டோஸ் போகிறதென்றால் அதற்கும் இத்தனை தேவையில்லை. பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் 'உபுண்டு'வை மேலே ஏற்றினால் பெரும்பாலும் முடிந்தது.

ஆனால் உபுண்டுவுக்குள் போய், இருக்கிற உற்சாகத்தில் மெனுவைப் புதிதாக எழுதும் 'சூடோ அப்டேட்-கிரப்' அடித்ததில் மெனுவிலிருந்து விண்டோஸ் காணாமல் போனது! அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அழிந்துபோகவில்லை. கிரப் 2.06 பதிப்பிலிருந்து, மற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபரைப் பாதுகாப்புக்காக நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். '/ஈடிசி/டீஃபால்ட்/கிரப்' ஃபைலில் 'கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்' என்று ஒரு வரி சேர்த்து மறுபடி அப்டேட்-கிரப் கொடுத்தால் 'ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று சொல்லும். பெயர் எல்லாம் பெரிய எழுத்து, மதிப்பு மட்டும் சின்ன எழுத்து. சமக்குறிக்கு இருபுறமும் இடம் விடக் கூடாது. அது ஷெல் வாசிக்கும் ஃபைல், அழகுக்கு ஒரு ஸ்பேஸ் விட்டால் 'நாட் ஃபவுண்ட்' என்று முறைக்கும். '/பூட்/கிரப்' ஃபோல்டரில் இருக்கும் 'கிரப்.சிஎஃப்ஜி'யில் நேராகக் கை வைப்பதும் வீண். திருத்தாதே என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. திருத்தினாலும் அடுத்த கெர்னல் அப்டேட்டில் அழித்து எழுதிவிடும்.

"எனக்கு விண்டோஸ்தான் முதல்ல வரணும்" என்றார் அப்பா. "எனக்கு உபுண்டு" என்றாள் பெண். இதற்கும் கிரப்பிடம் பஞ்சாயத்து உண்டு. அதே ஃபைலில் 'கிரப்_டீஃபால்ட்=சேவ்டு', அதன்கீழ் 'கிரப்_சேவ்டீஃபால்ட்=ட்ரூ', 'கிரப்_டைம்அவுட்=10'. கடைசியாக யார் எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அது அடுத்த தடவை முன்னால் நிற்கும். பத்து நொடிக்குள் மற்றவர் மாற்றிக்கொள்ளலாம். மெனு மறைந்தே இருந்தால் 'கிரப்_டைம்அவுட்_ஸ்டைல்=மெனு'. முடித்துவிட்டு இன்னொரு அப்டேட்-கிரப்.

எல்லாம் முடிந்து அப்பா விண்டோஸில் உட்கார்ந்தபோது மணி 4:40. கணக்கு ஃபைலைத் திறக்கப்போனவரைத் தாத்தா தடுத்தார். "ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பொறந்தாச்சுடா, ஆறு மணிக்கு மேல பாரு."

அப்பா திரையின் மூலையைக் காட்டினார். அங்கே காலை 11:10.

லைவ் யூஎஸ்பி செய்த வேலை அது. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கும், யூடிசி என்ற உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கும். நெட் கிடைத்ததும் லைவ் உபுண்டு யூடிசியை அதில் எழுதிவிட்டது. நம் ஊர் வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், அப்படியே பின்னால் போய்விட்டது. வீட்டில் நிறுவியிருக்கும் உபுண்டுவில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று கொடுத்துவைத்தால் இரண்டும் சண்டை போடாது. விண்டோஸில் டேட் அண்ட் டைம் அமைப்புக்குள் 'சிங்க் நவ்' அழுத்தினால் நேரம் திரும்பிவிடும்.

பெண் அதை அழுத்த வந்தாள். அப்பா மவுஸை நகர்த்திக்கொண்டார். "இரு, கணக்கை முடிச்சுடறேன். இதுல இன்னும் நல்ல நேரம்தான்."