கொரிந்துவில் வாசித்த ஒரு சொல்

அம்மாவை அடக்கம் செய்த அன்று, ஆயர் வாசித்த 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் "சாவுக்கேதுவாகிய இது சாவாமையையும் தரித்துக்கொள்ளவேண்டும்" என்ற அடி என் மனத்தில் நின்றுவிட்டது. அப்போஸ்தலர் பவுல் எழுதிய அந்த நிருபத்தைப் பெற்ற சபை இருந்த, கிரேக்க நாட்டிலுள்ள பழைய கொரிந்துவுக்குச் சென்றபோது, அவ்வடியின் கிரேக்க மூலத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றேன்.

கி.மு. 146இல் ரோமர் அழித்து, கி.மு. 44இல் மீண்டும் குடியேற்றிய நகரம் அது. ஒற்றைக் கல்லில் செதுக்கிய தூண்கள் ஏழு நிற்கும் அப்பொல்லோ கோயிலைக் கடந்து இறங்கினால், ரோம அதிபதி கல்லியோனுக்கு முன்பாகப் பவுலை யூதர்கள் கொண்டுவந்து நிறுத்திய நியாயாசனத்தின் மேடை இருக்கிறது. அங்கே 2 கொரிந்தியர் 4:17ஐக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆறு வசனங்கள் முன்னே, நம் மாம்சத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், நான் தேடிவந்த சொல் வருகிறது என்பதை நினைத்து அங்கேயே சிறிது நேரம் அமர்ந்துவிட்டேன்.

அச்சொல், 'சாவுக்கேதுவாகிய' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள 'த்னேத்தொஸ்'. புதிய ஏற்பாட்டில் அது ஆறு முறை வருகிறது. ஆறும் பவுலின் நிருபங்களிலேயே உள்ளன. 'சாகிறேன்' என்னும் பொருளுடைய 'த்னேஸ்கோ' என்ற வினையோடு உறவுடைய பெயரடை அது. செத்துப்போனதைக் குறிக்க 'நெக்ரொஸ்' என்ற வேறு சொல் உண்டு. ரோமர் 8:11இல் இரண்டும் ஒரே வசனத்தில் நிற்கின்றன: கிறிஸ்து எழுப்பப்பட்டது 'நெக்ரொஸ்' ஆனவர்களிடமிருந்து, உயிர்ப்பிக்கப்படப்போகிற நம் சரீரங்களோ 'த்னேத்தொஸ்', அதாவது சாகும் இயல்புடையவை. "சாவுக்கேதுவான" என்று எழுதிய நம் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த நுட்பத்தைச் சிதையாமல் காத்திருக்கிறார்கள்.

1 கொரிந்தியர் 15:53இல் பவுல் பண்புப்பெயராக எதையும் சொல்லாமல், பெயரடைக்கு முன் அஃறிணைச் சுட்டிடைச்சொல்லை வைத்து, பின்னால் 'தூத்தொ' என்கிறார்: 'தொ த்னேத்தொன் தூத்தொ', சாவுக்கேதுவாகிய இது. அடுத்து வரும் வினை, ஆடை உடுத்துவதைக் குறிப்பது. செயலின் பயன் செய்பவரையே சேரும் வடிவில் அமைந்தது. தமிழில் அந்த வேலையைத் 'தரித்துக்கொள்ள' என்பதிலுள்ள 'கொள்' செய்கிறது. இந்த உடல் எறியப்படுவதில்லை, அதன்மேல் சாவாமை உடுத்தப்படுகிறது என்பதையே நான் அங்கே விளங்கிக்கொண்டேன்.

அருங்காட்சியகத்தில், நோய் தீர்க்கும் தெய்வமென்று கிரேக்கர் வணங்கிய அஸ்கிலேப்பியோசின் கோயிலுக்கு நேர்த்திக்கடனாக வந்த சுடுமண் கைகளும் கால்களும் காதுகளும் இருக்கின்றன. அவை பவுலுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் உறுப்புகளைக் காணிக்கை வைப்பதைக் கண்ட எனக்கு, அவற்றுக்குப் பின்னாலிருந்த வேண்டுதல் அந்நியமாகப் படவில்லை. ஒரு கையின் முன் வெகுநேரம் நின்றேன். வாதத்தால் கோணிப்போன அம்மாவின் விரல்களை நினைத்துக்கொண்டு, தாளை விரித்து, 'தூத்தொ' என்ற சொல்லில் நிறுத்தி, மெல்ல வாய்விட்டு வாசித்தேன்.