காலைக்குன்னு எடுத்து வச்ச பாதி பாட்டில்

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில அட்மிஷன் எடுக்குறப்ப நர்ஸுங்க நாங்க கேக்குற கேள்விகள்லயே ரொம்ப ஈசியா தாண்டிப் போற கேள்வி ஒண்ணு இருக்கு. "குடிப்பீங்களா?" பதிலும் எப்பவும் ரெடியா வரும், "எப்பவாச்சும் மிஸி, விசேஷத்துக்கு மட்டும்." கம்ப்யூட்டர்ல சோஷியல் ட்ரிங்கர்னு ஒரு க்ளிக், அடுத்த கேள்வி, மருந்து அலர்ஜி இருக்கா. நானும் பல வருஷம் அப்படித்தான் க்ளிக் பண்ணிட்டிருந்தேன். எலும்பு முறிவு வார்டு, ஒரு ஷிஃப்ட்ல நாலஞ்சு புது பேஷன்ட் வந்து விழுவாங்க, யாருக்கு உக்காந்து பேச நேரம்.

அதை மாத்துனது ஒரு பூக்கட்டுறவரு. லிட்டில் இந்தியாவுல தேக்கா பக்கம் முப்பது வருஷமா மாலை கட்டுறவரு, அறுபது வயசு இருக்கும், ஈரத் தரையில வழுக்கி கணுக்கால் ஒடஞ்சு வந்தாரு. நான் கேள்வி கேட்டப்ப பக்கத்துல அவரு சம்சாரம் நின்னுட்டிருந்தாங்க, அவரு வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி அந்தம்மாவே சொல்லிட்டாங்க, தீபாவளிக்கு பொங்கலுக்கு கொஞ்சம், அவ்ளோதான்னு. க்ளிக். மறுநாள் ஆபரேஷன், நல்லபடியா முடிஞ்சது.

ரெண்டாம் நாள் சாயந்திரம் அவருக்கு மைலோ குடுத்தாங்க. டேபிள்ல கப் இருக்கு, அவரு அதைத் தூக்கல. குனிஞ்சு, வாயக் கொண்டுபோயி கப்புல வச்சு உறிஞ்சுறாரு. நான் பாத்தேன். பாத்துட்டு, வலி போல, இல்ல சோம்பேறித்தனம் போலன்னு நெனச்சுக்கிட்டு பெயின் ஸ்கோர் எழுதிட்டுப் போயிட்டேன். சட்டையெல்லாம் வேர்த்து ஒட்டிக் கெடந்துச்சு, ஏர்கான் வார்டுல. அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சேன், ஆபரேஷன் பண்ணுன உடம்புதானேன்னு. இப்ப யோசிச்சா அந்தக் கப்பு என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு, நாந்தான் கேக்கல.

மூணாம் நாள் ராத்திரி டூட்டி எனக்கு. ரெண்டு மணி இருக்கும், ரவுண்ட்ஸ் போனா அவரு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, கை ரெண்டும் காத்துல ஏதோ பண்ணுது. கொஞ்ச நேரம் நின்னு பாத்தப்பதான் புரிஞ்சுது, எடது கையில நாரு, வலது கையில பூவு, ரெண்டு பூ வச்சு ஒரு சுத்து, ஒரு முடிச்சு, இழுத்து விட்டு அடுத்தது. அவ்ளோ சுத்தமா. "அங்கிள், என்ன பண்றீங்க?"ன்னு கேட்டேன். "விடியறதுக்குள்ள கோயிலுக்கு மாலை குடுக்கணும்மா, பேசாத"ன்னாரு. நான் சிரிச்சேன், தூக்கக் கலக்கம்னு நெனச்சு. அடுத்த அரை மணி நேரத்துல ட்ரிப்பப் புடுங்கி எறிஞ்சுட்டு ஒடஞ்ச காலோட கட்டில விட்டு எறங்கிட்டாரு, பூக்கூடைக்குள்ள பாம்பு இருக்குன்னு ஒரே கத்து. நாடித்துடிப்பு 130 தாண்டிருச்சு, காய்ச்சல் 38.5, பிரஷர் எகிறுது. டாக்டர் ஓடி வந்து கேட்ட மொதல் கேள்வி, இவரு கடைசியா எப்ப குடிச்சாரு?

டெலிரியம் ட்ரெமன்ஸ். பாடத்துல படிச்சதுதான். ஒரு ஆளு தெனமும் நெறய குடிச்சுட்டு திடீர்னு நிறுத்துனா ஆறு மணி நேரத்துலயே கை நடுக்கம், வேர்வை, வாந்தி, படபடப்புன்னு ஆரம்பிக்கும், வலிப்பு வரதுன்னா பெரும்பாலும் மொத ரெண்டு நாளுக்குள்ள வந்துரும், இந்த மாதிரி புத்தி தடுமாறி கண்ணுக்கு என்னென்னமோ தெரியறது ரெண்டு மூணு நாளு கழிச்சு வரும். தெரியும், பரிச்சையில எழுதி பாஸும் பண்ணேன். ஆனா பரிச்சையில வந்த ஆளு குடிகாரன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வந்தான், இவரு கணுக்கால் ஒடஞ்சு வந்தாரு.

அன்னைக்கு லோராசெபாம்னு மூளைய அமைதியாக்குற ஊசி போட்டு, இன்னும் நெருக்கமா கவனிக்கிற ஹை டிபெண்டன்ஸி வார்டுக்கு மாத்துனாங்க. சர்க்கரை கலந்த ட்ரிப் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின் குடுங்கன்னு அந்த டாக்டர் ரெண்டு தடவை சொன்னது இன்னும் காதுல இருக்கு. தயமின்னா வேற ஒண்ணும் இல்ல, வைட்டமின் பி1தான், குடிக்கிறவங்க உடம்புல அது வத்திப் போயிருக்கும், அந்த நேரத்துல வெறும் குளுக்கோஸ மட்டும் ஏத்துனா இருக்குற கொஞ்சநஞ்சமும் செலவாகி மூளை அடிவாங்கிரும். கண்ணு அசையாது, நடை தள்ளாடும், கொழப்பம் வரும், வெர்னிக்கேன்னு பேரு, கவனிக்காம விட்டா ஞாபகம் போனது போனதுதான். விலை கம்மியான வைட்டமின், ஆனா அதை மறந்தா அந்த ஆளு பொண்டாட்டி பேரையே மறந்து போகலாம்.

மறுநாள் காலைல அந்தம்மா என்னையத் தனியா கூப்பிட்டு அழுதாங்க. தெனமும் ஒரு பாட்டிலாம். இங்க 2015லேருந்து ராத்திரி பத்தரைக்கு மேல காலைல ஏழு மணி வரைக்கும் கடையில வாங்கிட்டுப் போக முடியாது இல்லயா, அவருக்கு பூ வேலை விடியக்காலைல நாலு மணிக்கே, அதனால ராத்திரியே பாதிய இந்தம்மா எடுத்து அரிசி டப்பா பின்னாடி வச்சிருவாங்களாம். "அத குடுக்கலன்னா கை நடுங்கும் மிஸி, நாரே பிடிக்க வராது, அப்புறம் சோத்துக்கு என்ன பண்றது?" நான் அவங்கள என்னத்தச் சொல்ல. அவங்க குடுத்தது சாராயம்னு அவங்க நெனைக்கல, மருந்துன்னு நெனச்சு குடுத்திருக்காங்க. ஒரு விதத்துல தப்பும் இல்ல, எங்க மருந்தும் மூளையில அதே எடத்துலதான் போய் ஒக்காருது.

இத பேஷன்ட் குடும்பத்துக்கு எப்படிச் சொல்றதுன்னு ரொம்ப நாள் தடுமாறுனேன். இப்ப இப்படித்தான் சொல்வேன்: கதவ வெளிய இருந்து ஒருத்தன் வருஷக்கணக்கா தள்ளிக்கிட்டே இருக்கான், அவன்தான் குடி, உள்ள இருந்து மூளை அதே பலத்தோட எதுத்துத் தள்ளுது. அவன் பொசுக்குன்னு கைய எடுத்துட்டா என்ன ஆகும், மூளை மொகம் குப்புற விழும், அதான் நடுக்கம், அதான் வலிப்பு. டயசெபாம், லோராசெபாம் மாதிரி மாத்திரை என்ன பண்ணும்னா அவன் எடத்துல நின்னு கதவப் பிடிச்சுக்கிட்டு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா விடும், அஞ்சாறு நாள்ல பெரும்பாலும் முடிஞ்சிரும். இதக் கேட்டதும் அடுத்து வர்ற கேள்வி எல்லா வீட்லயும் ஒண்ணுதான், "அப்ப ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" ஞாயமான கேள்விதான். மாசக்கணக்குல குடுத்தா ஆமா. அதனாலதான் இந்த மாத்திரைய பூட்டி வச்சு எண்ணி எண்ணிக் குடுக்குறோம், அதனாலதான் வீட்டுக்குப் போறப்ப பை நெறயக் குடுத்து அனுப்புறதில்ல.

ஒரு தடவை ஒரு மருமகப்பிள்ளை, நல்லவருதான், மாமனாரோட குடிய நிறுத்த வீட்லயே வைத்தியம் பாத்திருக்காரு, தன்னோட அம்மாவுக்கு தூக்கத்துக்குக் குடுத்த இதே மாதிரி மாத்திரைய எடுத்து குடுத்துட்டாரு. மாமனாரு மாத்திரையும் போட்டுக்கிட்டு, யாருக்கும் தெரியாம குடிக்கவும் செஞ்சிருக்காரு. ரெண்டும் சேந்து மூச்ச அமுக்கிருச்சு. பொழச்சாரு, ஆனா ஐசியூ வரைக்கும் போய் வந்தாரு. ஒரே மாத்திரைதான், எங்க கையில இருக்குறப்ப மணிக்கொரு தடவை மூச்சு எத்தனைன்னு எண்ணிப் பாத்துட்டுதான் அடுத்தத குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றோம், கல்லீரல் கெட்டவங்களுக்கும் வயசானவங்களுக்கும் டயசெபாம் ரொம்ப நேரம் உடம்புல தங்கிரும்னு லோராசெபாமுக்கு மாத்துவாங்க. வீட்ல யாரு உக்காந்து மூச்ச எண்ணுவா.

எவ்ளோ குடுக்கறதுன்னு பாக்க சீவான்னு ஒரு சார்ட் இருக்கு, பத்து கேள்வி, மொத்தம் 67 மார்க்கு, நல்லா இருக்குற ஆளுக்கு கம்மியா வரும், எட்டு பத்துன்னு மேல போக ஆரம்பிச்சா மாத்திரை. ஸ்கோர் ஏறுனா குடுக்கணும், ஏறலன்னா சும்மா குடுக்கக் கூடாது. நல்ல சார்ட்டுதான், ஆனா அது இங்கிலீஷ்ல இருக்கு. நம்ம ஆளுங்ககிட்ட அத அப்படியே கேட்டா எல்லாத்துக்கும் "ஓகே ஓகே"ன்னு தலையாட்டிருவாங்க, ஸ்கோர் ரெண்டு மூணுன்னு நிக்கும், ஆளு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருப்பாரு. "உடம்புல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா, சட்டைக்குள்ள ஏதாச்சும் நடக்குதா"ன்னு தமிழ்ல கேட்டா, உடனே கைய நீட்டிக் காமிச்சு, "ஆமா மிஸி, நேத்து ராத்திரிலேருந்து, சொன்னா பைத்தியம்னு சொல்லுவீங்கன்னு சொல்லல"ன்னு வரும். பக்கத்து வார்டுகள்லேருந்து எனக்கு ஃபோன் வர ஆரம்பிச்சதே இதுக்குத்தான். அளவும் அப்படித்தான். சின்ன வயசு சைனீஸ் டாக்டரு ஒரு நாளைக்கு எத்தன ட்ரிங்க்னு கேப்பாரு, ஊர்லேருந்து வந்து டார்மிட்டரில தங்கி வேலை பாக்குற தம்பி "ரெண்டு"ன்னு சொல்வான், டாக்டரு ரெண்டு கிளாஸ்னு எழுதிக்குவாரு. தம்பி சொன்னது ரெண்டு குவார்ட்டர். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அது வேற கணக்கு. அந்தத் தம்பிங்க உண்மையச் சொல்லாததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, "கம்பெனிக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்களா அக்கா?" அந்தப் பயத்த நான் கேலி பண்ண மாட்டேன். இந்தக் கேள்வி உங்க வேலைக்கு இல்ல, நாளைக்கு ராத்திரி உங்களுக்கு ஃபிட்ஸ் வராம இருக்கறதுக்குன்னு சொல்லித்தான் கேப்பேன்.

ஒரு தடவை படிப்புக்குப் போனப்ப சொன்னாங்க, 1969ல அமெரிக்காவுல 537 பேருக்கு அஞ்சு விதமா குடுத்துப் பாத்திருக்காங்க, ஒருத்தருக்கு வைட்டமின், ஒருத்தருக்கு மனநோய் மருந்து, ஒருத்தருக்கு வெறும் மாத்திரைன்னு. டயசெபாமோட அண்ணன் மாதிரி ஒரு மருந்து, க்ளோர்டயசெபாக்சைடு, அது சாப்ட்டவங்களுக்குத்தான் வலிப்பும் டெலிரியமும் கம்மியா வந்துச்சாம். நம்ம ஆளுங்க இன்னும் மோரும் எலுமிச்சம் பழமும்தான் குடுத்துக்கிட்டிருக்கோம்.

தைப்பூச நேரத்துல வந்த கேஸ் ஒண்ண சொல்லணும். முப்பத்தஞ்சு வயசுப் பையன், காவடி எடுக்குறதுன்னு வேண்டிக்கிட்டு விரதம் ஆரம்பிச்ச அன்னைக்கே குடிய சுத்தமா நிறுத்திட்டான். அவ்ளோ வைராக்கியம். மறுநாள் சாயந்திரம் சாமி படத்துக்கு முன்னாடி நிக்கிறப்ப உடம்பு ஆடி ஆடி கீழ விழுந்திருக்கான். அவங்கம்மா அருள் வந்துருச்சுன்னு திருநீறு போட்டிருக்காங்க. நாக்கு கடிபட்டு வாயில ரத்தம் வந்தப்பதான் பதறிப்போய் ஆம்புலன்ஸுக்கு 995ல கூப்பிட்டிருக்காங்க. முழிச்சதும் அவன் என்னையக் கேட்டது, "முருகனுக்காகத்தானே விட்டேன் மிஸி, எனக்கு ஏன் இப்படி ஆச்சு?" எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. "முருகன் விடத்தான் சொன்னாரு, டாக்டரப் பாக்காம விடச் சொல்லலையே"ன்னு ஏதோ ஒளறுனேன். ஆனா கோயில்கள்ல விரதம் ஆரம்பிக்கிற நேரத்துல யாராச்சும் இத மைக்ல சொன்னா என்னன்னு ஒவ்வொரு வருஷமும் தோணும். இன்னொண்ணு, இப்படி விட்டு விட்டு மறுபடி ஆரம்பிச்சு மறுபடி விடறவங்களுக்கு தடவைக்குத் தடவை இது இன்னும் மோசமா வர வாய்ப்பு அதிகம், போன வருஷம் ஒண்ணும் ஆகலையேங்கறது கணக்கே இல்ல.

மாத்திரை அந்த ஒரு வாரத்தத்தான் தாண்ட வைக்கும். அதுக்கப்புறம் ஆசைய கொறைக்க நால்ட்ரெக்ஸோன் மாதிரி வேற மருந்து, கவுன்சிலிங்னு பெரிய வேலை கெடக்கு, புவாங்கோக்ல ஐஎம்ஹெச்ங்கற மனநல ஆஸ்பத்திரி வளாகத்துல நாம்ஸ்னு அதுக்குன்னே ஒரு எடம் இருக்கு, அங்க அனுப்புவோம். ஐஎம்ஹெச்னு சொன்னதும் பெருசுங்க மொகம் மாறிரும், அதோட பழைய பேரச் சொல்லிக் கேப்பாங்க, "உட்பிரிட்ஜா? நான் என்ன பைத்தியமா?" பாதிப் பேரு அங்கயே நின்னுருவாங்க. என்னால அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியறதில்ல.

ஆனா மொத கேள்விய மட்டும் மாத்திக்கிட்டேன். குடிப்பீங்களான்னு கேக்குறதில்ல. கூட வந்தவங்கள டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டு, ஸ்கிரீன இழுத்து விட்டு, "அங்கிள், காலைக்குன்னு தனியா எடுத்து வப்பீங்களா?"ன்னு கேப்பேன். இல்லாதவங்க என்ன கேக்குறன்னு புரியாம முழிப்பாங்க. இருக்கறவங்க ஒரு நிமிஷம் பேசாம இருப்பாங்க. அந்த நிமிஷம் போதும் எனக்கு, டாக்டருக்கு ஃபோன் போட்டுருவேன்.

பூக்கட்டுறவரு ஏழாவது நாள் எங்க வார்டுக்கே திரும்பி வந்தாரு. சாயந்திரம் மைலோ குடுத்தேன், ஒத்தக் கையால தூக்கிக் குடிச்சாரு, நான் பாக்குறேன்னு தெரிஞ்சே கொஞ்சம் ஒசரமா தூக்குனாரு. அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டே கேட்டாரு, "அன்னைக்கு ராத்திரி நான் என்னமோ பண்ணேனாமே?"

"மாலை கட்டுனீங்க அங்கிள்."

"எத்தன மொழம் இருக்கும்?"

நான் நாலஞ்சு இருக்கும்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பரவால்லையே"ன்னாரு.