ஆள் வரவேணும்

"ஆள் வரவேணும் அம்மா. கொப்பியைப் பார்த்து மருந்து தர ஏலாது."

சீனி வருத்தக் கிளினிக்கில் நான் சொன்னது இவ்வளவுதான். கணவரின் கிளினிக் கொப்பியோடு வந்த அந்த அம்மா, "இண்டைக்கு எங்கட இறைப்பு முறை, பிள்ளை. விட்டால் வெங்காயம் வாடிப்போம்" என்றார். பங்குக் கிணறு. முறை தவறினால் மற்றவரின் நாளைக் கேட்க முடியாது. எனக்கு அது புதிதில்லை. அப்பாவுக்குத் தண்ணி மாறிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடினவள் நான்.

சொன்னது பிழையென்று இப்போதும் முழுதாக ஒப்ப மனமில்லை. கணவர் ஏற்கெனவே இரண்டு கிளினிக் வரவில்லை. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்க்காமல் சீனிக் குளிசையான மெற்போமினை எத்தனை மாதம் கொடுப்பது? சீனி ஏறியிருந்தால் அளவைக் கூட்டவேணும், சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் குறைக்கவோ நிறுத்தவோ வேணும். ஆளைக் கண்டால்தானே காலையும் பார்க்கலாம்.

கால்தான். ஆறு கிழமைக்குப் பிறகு பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். உணர்ச்சி செத்த கால். வெறுங்காலோடு வாய்க்காலுக்குள் நின்றவருக்கு முள் ஏறினதே தெரியவில்லை. அந்த அம்மா வந்த அன்றைக்கே புண் இருந்ததாம். "காலில காயம் ஏதும் இருக்கோ?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கொப்பியை டொக்டரின் மேசைக்குக் கொண்டுபோயிருக்கலாம். வரிசை வெளி விறாந்தை வரை நின்றது, நானே முடிவெடுத்துவிட்டேன்.

2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினோம். அப்போது ஆள் வராமலே எல்லாம் நடந்தது. நோயாளி வீட்டில் இருக்கவேண்டியது எங்களுக்குத் தேவையாயிருந்தபோது வழி இருந்தது. அவருக்குத் தேவையானபோது இல்லை. இப்படி எழுதும்போதே மறுபேச்சும் எழுகிறது: குளிசை கொடுத்து அனுப்பியிருந்தாலும் அந்தப் புண்ணை யார் கண்டிருப்பார்கள்? குளிசை கிடைத்த நிம்மதியில் இன்னும் பிந்தியிருப்பாரோ?

இப்போது தோட்டக்காரரின் கொப்பி மூலையில் இறைப்பு நாளைப் பென்சிலால் குறித்து வைக்கிறேன். கிளினிக் கிழமையை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. இருந்தும் குறிக்கிறேன்.

போன மாதம் அந்த அம்மா திரும்பவும் தனியாக வந்தார். "அவருக்கு இன்னும் நடக்க ஏலாது. நான் வந்தால் தருவியளோ?" வாய்க்குள் அதே இரண்டு சொல்தான் முதலில் வந்தது. விழுங்கிக்கொண்டு, கொப்பியை வாங்கி டொக்டரிடம் போனேன்.