ஏ-புஷ் எழுதிவிட்டு வந்த அந்த மூன்று நாள்

சித்தப்பா பெண் வரும் மே மாதம் ஏ-புஷ் எழுதுகிறாள். போன வாரம் போனில், "அக்கா, எழுதிட்டு வந்து ஃப்ரெண்ட்ஸோட ஆன்ஸர் செக் பண்ணுவியா, இல்ல அப்படியே விட்டுடுவியா?" என்று கேட்டாள். விட்டுவிடுவேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் 2018-இல் நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியுமே. அவளிடம் பாதி சொன்னேன், மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஏ-புஷ் என்பது காலேஜ் போர்டு நடத்தும் அமெரிக்க வரலாற்றுத் தேர்வு, பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வுகளான ஏபி தேர்வுகளில் ஒன்று. பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் எழுதுவார்கள், நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கான கிரெடிட் கிடைக்கும். மதிப்பெண் 1 முதல் 5 வரைதான். இதை அம்மாவுக்குப் புரியவைக்க ஒரு வருஷம் ஆனது. "அதெல்லாம் சரி, நூத்துக்கு எவ்வளவு?" என்பதுதான் கடைசிவரை அவர் கேள்வி.

நான் ஒன்பதாவது வரை திருச்சியில் படித்தவள். அங்கே பரீட்சை முடிந்து கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு மார்க் கேள்விகளுக்கெல்லாம் தீர்ப்பு வந்துவிடும். கேள்வித்தாள் கையிலேயே இருக்கும், ஓரத்தில் பென்சிலால் குறித்த விடை இருக்கும், யாராவது ஒருத்தி கைடைப் பிரித்துக்கொண்டு நிற்பாள். போனது போனது, வந்தது வந்தது, வீட்டுக்குப் போகும்போது எத்தனை வரும் என்று ஒன்றிரண்டு மார்க் வித்தியாசத்தில் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தோடுதான் நியூ ஜெர்சியில் அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜிம்மில் போட்டிருந்த மேசையில் போய் உட்கார்ந்தேன்.

மூன்று மணி நேரம் பதினைந்து நிமிடம். முதலில் 55 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், பிறகு 40 நிமிடத்தில் நான்கில் மூன்று குறுவினாக்கள் (மூன்றாவது, நான்காவதில் ஏதாவது ஒன்று போதும்), ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. சின்ன இடைவேளைக்குப் பிறகு டிபிக்யூ, அதாவது ஏழு ஆவணங்களைக் கொடுத்து அவற்றை வைத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்வது. படிக்கும் நேரம் உட்பட ஒரு மணி நேரம். கடைசியாக மூன்று தலைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 40 நிமிடத்தில் இன்னொரு கட்டுரை. இப்போது எல்லாம் லேப்டாப்பில், ப்ளூபுக் செயலியில் தட்டச்சு செய்கிறார்கள். எங்களுக்குப் பேனாதான், கடைசிப் பத்து நிமிடம் என் கட்டைவிரல் மடங்கவே இல்லை.

கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், அதுதான் முதல் இடி. இரண்டாவது, மேற்பார்வையாளர் வாசித்த விதிமுறை: கொள்குறி வினாக்களைப் பற்றி யாரிடமும், எப்போதும் பேசக்கூடாது. கட்டுரைக் கேள்விகளை காலேஜ் போர்டு இரண்டு நாள் கழித்துத் தன் இணையதளத்தில் போடும், அப்படிப் போட்ட பிறகு பேசலாம். எங்கள் வகுப்பில் ஒரு குஜராத்திப் பையன் இருந்தான், எல்லாவற்றுக்கும் சட்டம் பேசுகிறவன். அவனே மதியச் சாப்பாட்டு மேசையில் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "நான் சி போட்டேன்" என்றான். எந்தக் கேள்வி என்று அவன் சொல்லவில்லை, எங்கள் நாலு பேருக்கும் தெரிந்தது. நான் பி போட்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை, என் முகம் சொல்லிவிட்டிருக்கும் போல, அவன் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டான்.

அது என்ன கேள்வி என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

சனிக்கிழமை முழுக்க அந்த பி-தான் மண்டையில். தவறான விடைக்கு மைனஸ் கிடையாது என்று தெரிந்தும்கூட. இணையத்தில் இருக்கும் மதிப்பெண் கால்குலேட்டரில் கொள்குறியை 41 என்று வைத்தால் எவ்வளவு, 44 என்று வைத்தால் எவ்வளவு என்று நகர்த்தி நகர்த்தி இரவு பதினொரு மணி. இதைப் படிக்கும் பிள்ளைகள் இதை மட்டும் செய்யாதீர்கள், அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை, நாம் எத்தனை சரி என்பதையே நாம்தானே கற்பனை செய்து போடுகிறோம்.

ஞாயிறு கேள்விகள் இணையத்தில் வந்துவிட்டன. மதியம் ஒரு தோழி வீட்டில் கூடினோம், அவள் பாட்டி போலந்துக்காரர், உருளைக்கிழங்கு வைத்த ஏதோ ஒன்றை இறக்கிக்கொண்டே இருந்தார். அந்த வருஷத்து டிபிக்யூ இதுதான்: 1865 முதல் 1910 வரை உலகில் அமெரிக்காவின் பங்கு விரிவடைந்ததற்கான காரணங்களில் எது எவ்வளவு முக்கியம் என்று மதிப்பிட வேண்டும். குஜராத்தி நண்பன், சந்தைதான் முதல் காரணம், தொழிற்சாலைகள் பெருகிப்போய் சரக்கை விற்க இடம் தேவைப்பட்டது, சீனாவில் எல்லா நாடுகளும் வணிகம் செய்யத் திறந்த கதவு கேட்டதும் அதற்குத்தான் என்று எழுதியிருந்தான். நான், கடற்படை பலம்தான் நாட்டின் பலம் என்று எழுதிய மஹானைப் பிடித்துக்கொண்டு கடற்படை, நிலக்கரி நிரப்பும் துறைமுகங்கள், 1898-இல் ஹவாயைச் சேர்த்துக்கொண்டது, அதே வருஷம் ஸ்பெயினிடம் இரண்டு கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸை எடுத்தது என்று பாதுகாப்புப் பக்கம் போயிருந்தேன். "அப்போ ரெண்டு பேர்ல யாரு தப்பு?" என்று நான் நிஜமாகவே கேட்டேன். திருச்சி ஆள், வேறு எப்படிக் கேட்பேன்.

பிறகுதான் வந்தது நிஜமான வினை. ஆவணங்களில் இல்லாத ஒரு சான்றை நாமாகக் கொண்டுவர வேண்டும், அதற்குத் தனியாக ஒரு புள்ளி. நான் பனாமா கால்வாய் எழுதினேன் என்று பெருமையாகச் சொன்னதும் போலந்துத் தோழி சாதாரணமாக, "அது திறந்தது 1914 இல்லையா? கேள்வி 1910-ஓட முடியுதே" என்றாள்.

வயிற்றில் ஏதோ உருண்டது. நான் என்ன எழுதினேன்? 1903-இல் பனாமா கொலம்பியாவிடமிருந்து பிரிந்தது, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் போர்க்கப்பலை நிறுத்திவைத்தார், கால்வாய் நிலப்பகுதி அமெரிக்கா கைக்கு வந்தது என்று எழுதியதாக நினைவு. ஆனால் அவள் 1914 என்று சொன்ன அடுத்த நிமிடமே, அந்த வரியின் முடிவில் 1914 என்று நான் எழுதிய மாதிரியும் கண்ணில் தெரிகிறது, என் கையெழுத்தில், நாலின் கொம்பு உடைந்தபடி. இரண்டு நினைவும் ஒரே அளவுக்குத் தெளிவாக இருந்தன. மேசையில் இருந்த நாலு பேருக்கும் இதே கதி ஆனது. ஒருத்தன் குறுவினாவில் மூன்றாவதையும் நான்காவதையும் எழுதியிருக்கிறான், இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் போதும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதன் பிறகு அவன் பேசவே இல்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை எங்கள் ஆசிரியர் பலகையில் ஏழு புள்ளிகளை எழுதிப் போட்டார். வாதத்துக்கு ஒன்று, சூழலுக்கு ஒன்று, ஆவணங்களுக்கு இரண்டு, வெளிச்சான்றுக்கு ஒன்று, மூன்று ஆவணங்களை யார் யாருக்காக ஏன் எழுதினார் என்று அலசியதற்கு ஒன்று, வாதத்தின் சிக்கலைக் காட்டியதற்கு ஒன்று. சந்தை என்று எழுதியவனுக்கும் கடற்படை என்று எழுதியவளுக்கும் ஏழும் வரலாம், வராமலும் போகலாம், முடிவு எது என்பதற்குப் புள்ளியே இல்லை என்றார். பனாமாவைக் கேட்டேன். "வேறு எதுவும் எழுதினாயா?" என்றார். யோசித்தேன். கியூபாவைப் பற்றி, அங்கே தலையிட அமெரிக்காவுக்கு உரிமை கொடுத்த 1901 பிளாட் திருத்தம் பற்றி இரண்டு வரி. "அப்படியானால் அந்த வருஷத்தை விடு. ஒரு நல்ல சான்று போதும், ஒரு சின்னப் பிழைக்காகக் கட்டுரையைத் தூக்கி எறியமாட்டார்கள்." ஞாயிறு ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை, பிளாட் எழுதியது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் வரவில்லை.

ஜூலையில் மதிப்பெண் வந்தது. 4. குஜராத்தி நண்பனுக்கும் 4. குறுவினாவில் இரண்டையும் எழுதினவனுக்கு 5. எதில் போனது எதில் வந்தது என்று அந்தத் திரையில் ஒன்றும் இருக்காது, ஒரே ஒரு எண்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "மீதி ஒண்ணு எங்க போச்சு?" என்றார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அந்தப் பையனைப் பார்த்தேன். ஏழு வருஷம் ஆகிறது, ஆள் குண்டாகி தாடி வைத்திருக்கிறான். வணக்கம் சொல்வதற்கு முன்பே, "சி-தான்" என்றான்.